ஆடு தின்பதை முயலுக்கும் போடலாமா?

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை பக்கம். மகள் கேட்டாள் என்று சந்தையில் இரண்டு வெள்ளை முயல்குட்டிகள் வாங்கினோம். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஆட்டுக்குப் போடுவதையெல்லாம் மாமியார் முயலுக்கும் போடுகிறார்: மரச்சீனி (மரவள்ளி) இலை, பலா இலை, வாழைப்பழத்தொலி. மகள் பிஸ்கெட் கொடுக்கிறாள். போன வாரம் ஒரு முயல் நாள் முழுக்கத் தின்னாமல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. மறுநாள் தானாகச் சரியாகிவிட்டது. முயலுக்கு எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

பதில்: மரச்சீனி இலைக்கு நான் பதறுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறுத்தியது பிஸ்கெட். அப்புறம் அந்தத் "தானாகச் சரியாகிவிட்டது". ஆடு ஒரு வேளை தின்னாவிட்டால் அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். முயலுக்கு அந்தத் தவணை கிடையாது. 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உங்கள் முயல் பிழைத்தது அதன் அதிர்ஷ்டம்.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. ஆடு இரையை முன்வயிற்றில் போட்டு, பிறகு வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். முயலுக்கு எல்லாம் பின்பக்கம். சிறுகுடல் முடியும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அங்கேதான் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைக்கின்றன. புளித்தது சிறு திராட்சைக் குலைபோல, மெத்தென்று, பளபளவென்று வெளியே வரும். முயல் குனிந்து அதை நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். கூட்டில் அதைப் பார்த்து "வயிற்றோட்டம்" என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. அது வயிற்றோட்டம் இல்லை, முயலின் இரண்டாவது சாப்பாடு. அதிலிருந்துதான் பி வைட்டமின்கள் கிடைக்கின்றன, தடுக்காதீர்கள்.

இந்த ஏற்பாடு ஓட நார் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிஸ்கெட், ரொட்டி, சோறு, புட்டு, சிப்ஸ் என்று மாவும் சர்க்கரையும் போனால் குடலின் ஓட்டம் மந்தமாகும். அந்தப் பையில் கெட்ட கிருமிகள் பெருகும், வாயு கட்டும், சில சமயம் நச்சும் ஊறும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

ஒரு ஓணத்துக்கு மறுநாள், பாறசாலையிலிருந்து ஒருவர் சிப்ஸ் அட்டைப்பெட்டியில் முயலைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்த குழந்தைகள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு பழம்பொரி கொடுத்திருக்கிறார்கள். வயிறு தப்பட்டைபோல விறைத்திருந்தது. "பல்லைக் கடிக்கிறது டாக்டர், பசிபோல" என்றார். முயல் அப்படி நறநறவென்று பல்லைக் கடிப்பது வலியால். ஊசி, சூடு, சிரிஞ்சில் கரைத்த தீவனம் என்று போராடி, மூன்றாம் நாள்தான் மிளகளவில் நாலு புழுக்கை போட்டது. மனிதர் அதைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துவந்து காட்டினார்.

சரி, மரச்சீனி. அதன் இலையிலும் கிழங்குத் தோலிலும் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. இலையைக் கடித்து நசுக்கும்போது அது சிதைந்து சயனைடு வெளியாகிறது. தளிரில் அதிகம், கசப்பு ரகத்தில் இன்னும் அதிகம். ரப்பர் இலையிலும் ரப்பர் விதையிலும் இருப்பது இதே சரக்குதான். "ஆடு தின்கிறதே" என்று மாமியார் கேட்பார். கயிற்றை அறுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு மரச்சீனி விளைக்குள் புகுந்த ஆடு என்ன ஆகும் என்பதும் அவருக்கே தெரிந்திருக்கும். உண்மையில் இந்த நஞ்சு அசைபோடும் பிராணிகளைத்தான் சீக்கிரம் பிடிக்கும். முயல் ஓரளவு தாங்கலாம். ஆனால் இரண்டு கிலோ உடம்பில் அந்தச் சோதனை வேண்டாமே. இலையை நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும், தீவனமாக்குகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு முயலுக்காக அந்தப் பாடு எதற்கு?

பலா இலை தாராளமாகப் போடலாம், மாமியார் சொல்வது சரி. பழத்தொலி வாரத்தில் ஒரு விரல் நீளம் போதும், நன்றாகக் கழுவி. பழமாகவே கொடுத்தாலும் ஒரு சின்ன வில்லைக்கு மேல் வேண்டாம். கேரட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும். கார்ட்டூன் முயல் கேரட் தின்றே வாழ்கிறது. நிஜ முயலுக்கு அது மிட்டாய். கேரட்டின் தழை நல்ல தீனி.

அடுக்களையில் கட்டாயம் விலக்க வேண்டியவை: வெங்காயம், உள்ளி, வெங்காயத்தாள் எல்லாம் இரத்த அணுக்களை உடைக்கும். சாக்லேட் விஷம். வெண்ணெய்ப்பழத்தில், அதுதான் இப்போது ஜூஸ் கடைகளில் கிடைக்கிற பட்டர் ஃப்ரூட், பெர்சின் என்ற நச்சு இருக்கிறது. பழம், தோல், இலை எதுவும் ஆகாது. முளைவிட்ட உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலையும் தண்டும், பச்சையாக எந்தப் பருப்பும் பயறும், ஆப்பிள் விதை இவையும் வேண்டாம். முட்டைக்கோஸ் விஷமில்லை, ஆனால் வாயு கட்டும். ஒரு இலை போதும்.

தோட்டத்தில் அரளியை முதலில் சொல்வேன், ஒன்றிரண்டு இலையே இதயத்தை நிறுத்திவிடும். எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, பச்சைச் சேம்பிலை இவற்றையும் கூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சவுண்டல் இலையைச் சத்து என்று தினம் போடுகிறார்கள். அதிலுள்ள மிமோசின் முயலுக்கு முடியைக் கொட்டவைக்கும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகளும் உண்டு. ஒன்று மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நம்மை நனைக்கின்றன. கடலைப்பிண்ணாக்கும் குச்சித் தீவனமும் (பெல்லட்) சாக்கிலேயே பூத்துவிடும். அந்தப் பூஞ்சையில் ஊறும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை முயல் துளியும் தாங்காது. மக்கல் வாடை அடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்தெடுத்துப் பயனில்லை. ஈரப்புல் தின்றால் முயல் செத்துவிடும் என்பது பாதி உண்மை. ஈரத்தால் இல்லை, அறுத்துக் குவித்து உள்ளுக்குள் சூடேறிய புல்லால். இன்னொன்று, மழைக்கு முன் ரப்பர் தோட்டங்களில் இலையுதிர்வு நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பார்கள், களைக்கொல்லியும் அடிப்பார்கள். தோட்டக்காரரிடம் கேட்காமல் ரப்பருக்கு அடியில் புல் அறுக்காதீர்கள்.

பிறகு என்னதான் தின்னும் என்றால், புல். நூற்றில் எண்பது பங்கு புல்லும் உலர்புல்லும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்க்கவும் அதுதான் வேண்டும். ஆன்லைனில் டிமோத்தி புல் விற்கிறார்கள், விலை கண்ணைக் கட்டும். அருகம்புல்லையும் கோ 4 என்ற தீவனப்புல்லையும் தை, மாசி வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்து எடுத்துவையுங்கள். கூடவே தினம் ஒரு கைப்பிடி தழை: மல்லி, புதினா, முள்முருங்கை. முருங்கைக்கீரையில் கால்சியம் கூடுதல். முயல் உடம்பு மிஞ்சிய கால்சியத்தைச் சிறுநீரில்தான் தள்ளும், அது சுண்ணாம்பாகப் படியும். ஆகவே வாரம் இரண்டு நாள் போதும். குச்சித் தீவனம் முயலின் ஒரு கிலோ எடைக்குத் தினம் 25 கிராம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். "முயலுக்குத் தண்ணீர் ஆகாது" என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ, அதனால் போன முயல்கள் எத்தனையோ.

தீனியை ஒரேயடியாக மாற்றாதீர்கள். பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பத்து நாளில் மாற்றுங்கள். பிஸ்கெட்டை மட்டும் இன்றே நிறுத்திவிடலாம். மகளுக்குக் கையால் ஊட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மல்லித்தண்டு கொடுக்கச் சொல்லுங்கள், நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சித் தின்பது பார்க்கவும் நன்றாக இருக்கும். இடையில் ஒன்று கேட்கிறேன்: இரண்டில் எது ஆண், எது பெண் என்று பார்த்துவிட்டீர்களா? ஐந்து மாதம் என்கிறீர்கள். சினைக்காலம் 31 நாள்தான்.

மறுபடி ஒன்று மூலையில் குறுகினால் புழுக்கையைப் பாருங்கள். கொண்டைக்கடலை அளவில் இருக்க வேண்டியது சிறுத்து, முடியால் கோத்த மாலைபோல வந்தால் குடல் மந்தம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓமத்திரவம் ஊற்றாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் குழந்தையின் அமாக்ஸிசிலின் சிரப்பை நினைக்கவே நினைக்காதீர்கள். நமக்கு மருந்தான அது, முயல் குடலின் நல்ல கிருமிகளைத் துடைத்து முயலையே கொன்றுவிடும். பெட்டியில் கொஞ்சம் புல்லைப் போட்டு, வெதுவெதுப்பாக வைத்து, முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூட்டாளியையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள், தனியாகப் போனால் பயத்திலேயே இன்னும் தின்னாது.