நம்ம ஊர் ஈரத்தில் ஃபெல்ட் தொப்பியை எப்படிப் பாதுகாப்பது?

ஆஸ்திரேலியாவில் இருந்து மாமா கொண்டுவந்த, ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட் தொப்பியில் மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது, நாகர்கோவிலில் இதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதே நடந்தது. எங்கள் வீடு குலசேகரம் பக்கம், சுற்றிலும் ரப்பர் தோட்டம். அப்பாவின் சாம்பல் நிறத் தொப்பியை, அவர் போன பிறகு, தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோ மேல் வைத்தேன். இடவப்பாதி மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் உள்பட்டை முழுக்கப் பூஞ்சை. மழையில் நனைந்த தொப்பி காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். கவருக்குள் அடைபட்ட ஈரம்தான் கெடுக்கும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அதனால் பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம்.

முதலில் உள்ளே இருக்கும் தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு, தொப்பியை அந்தப் பட்டையின் மேலேயே நிற்க வையுங்கள். விளிம்பு தரையில் படாது, வளையவும் செய்யாது. நிழலில், காற்றோட்டமாக, ஒன்றிரண்டு நாள் இருக்கட்டும். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. சூட்டில் தோல் பட்டை சுருங்கிவிடும், அப்புறம் தொப்பி தலைக்குள் நுழையாது. நன்றாகக் காய்ந்த பிறகு முற்றத்தில் வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பூஞ்சையைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மிருதுவான புது ஷூ பிரஷ் போதும், ஆனால் பாலிஷ் தொட்டதாக இருக்கக் கூடாது. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ரோமம் படுத்திருக்கும் போக்கிலேயே இழுக்க வேண்டும்.

நம்ம ஆட்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு: தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைத்த தலையில் தொப்பி போட்டால் பட்டை வழியாக எண்ணெய் ஏறி, வெளியே நெற்றிப் பக்கம் கறுப்பாகத் தெரியும். கறை புதிதாக இருக்கும்போதே சோளமாவை (கார்ன்ஃப்ளார்) தூவி ஓர் இரவு விட்டுப் பிரஷ் செய்தால் பெரும்பாலும் எடுத்துவிடும். பழைய கறை முழுதாகப் போகாது. தொப்பி போடும் நாளில் எண்ணெய் வைக்காமல் இருப்பதே நல்லது.

வடிவம் கலைந்திருந்தால் புட்டுக்குடம் இருக்கிறதே! குழலை எடுத்துவிட்டால் குடத்தின் வாயில் இருந்து ஆவி ஒரே நேராக வரும். ஒரு சாண் மேலே பிடித்து, கலைந்த இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து விநாடி காட்டுங்கள். ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. ஆட்டு ரோமத்தையோ முயல் ரோமத்தையோ ஈரத்திலும் சூட்டிலும் அழுத்திப் பிணைத்தது. அதனால் ஆவி பட்டதும் இளகும், விரலால் சரிசெய்துவிட்டு ஆற விட்டால் அப்படியே நிற்கும். அப்பாவின் தொப்பியில் வளைந்து தொங்கிய முன்விளிம்பை நான் இப்படித்தான் நிமிர்த்தினேன்.

தாத்தா காலத்துத் தொப்பி என்றால் மட்டும் ஆவி காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் முயல் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பு சேர்த்தார்கள். அது நஞ்சு, சூடு பட்டால் ஆவியோடு வெளியே வரலாம். அமெரிக்காவிலேயே 1941இல்தான் அதைத் தடை செய்தார்கள்.

தொப்பியை எடுக்கும்போது உச்சியின் முன்மடிப்பைக் கிள்ளிப் பிடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. முதலில் கிழிவது அந்த மடிப்புதான், விளிம்பைப் பிடித்து எடுங்கள். வைக்கும்போது கவிழ்த்து வைக்காமல் உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள். நான் பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கிறேன், கூடவே செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. பூச்சி விஷயத்திலும் கவனம் வேண்டும். ரோமத்தைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. தொடாமல் கிடக்கும் தொப்பியில்தான் அது குடியேறும். மாதம் ஒருமுறை எடுத்துப் பிரஷ் செய்தால் முட்டை ஒட்டியிருந்தாலும் உதிர்ந்துவிடும்.

உங்கள் தொப்பியைக் காயவைத்த பிறகு பட்டையின் உள்பக்கத்தை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் பெட்டியில் வைக்காமல் இன்னும் இரண்டு நாள் காற்றில் விடுங்கள்.