ரீயூனியனில் எய்ட்-சுவாஞ்ஞான் ஆக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: புதுச்சேரியில் பிளஸ் டூ முடித்தேன். கல்யாணமாகி இப்போது பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில், சேந்தாந்த்ரே ஊரில் இருக்கிறேன். பிரெஞ்சு ஓரளவு பேசுவேன். மருத்துவமனையில் எய்ட்-சுவாஞ்ஞான், அதாவது நர்ஸுக்கு உதவியாளராக வேலை பார்க்க என்ன படிக்க வேண்டும்?

பதில்: பள்ளியைத் தேடுமுன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பலருக்கு ஒரு வருடம் வீணாவது இதனால்தான். ஹெபடைடிஸ் பி-க்கு எதிர்ப்பு சக்தி இருப்பதற்கு அத்தாட்சி இல்லாமல் வார்டுக்குள் ஸ்தாஜ் (படிப்பின் பகுதியான நேரடிப் பயிற்சி) செய்ய விடமாட்டார்கள். வழக்கமான முறையில் மூன்று ஊசி: முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அதற்கு ஐந்து மாதம் கழித்து மூன்றாவது. பிறகு ரத்தத்தில் ஆன்டி-எச்பிஎஸ் (இந்த நோய்க்கான எதிர்ப்புப் பொருள்) அளவு பார்க்க வேண்டும். அதாவது குறைந்தது ஏழெட்டு மாதம். சிறுவயதில் போட்ட ஊசிக்கான அட்டை ஊரில் இருந்தால் உடனே வரவழைத்துக்கொள்ளுங்கள். டிப்தீரியா, டெட்டனஸ், போலியோவும் கட்டாயம்.

அடுத்தது பிரெஞ்சு. சேர்க்கைக்கு டிப்ளோமா எதுவும் தேவையில்லை, 17 வயது நிரம்பியிருந்தால் போதும். ஆனால் உங்கள் படிப்புச் சான்றுகளை வைத்து மொழியறிவை முடிவுசெய்ய முடியாதபோது பி2 (ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் ஒரு நிலை) சான்றிதழ் கேட்பார்கள். பேச்சு நன்றாக வந்தாலும் எழுத்து காலை வாரிவிடும். விண்ணப்பத்தோடு கைப்பட எழுதிய கடிதமும், ஏன் இந்த வேலை என்று விளக்கும் இரண்டு பக்கக் கட்டுரையும் கொடுக்க வேண்டும். "சேவை செய்ய ஆசை" என்று பொதுவாக எழுதாதீர்கள். மாமியாரைக் குளிப்பாட்டியது, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஊட்டிவிட்டது என நடந்த ஒன்றை எடுத்து, அப்போது எதைக் கவனித்தீர்கள், எதில் தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். 15 முதல் 20 நிமிட நேர்காணலில் வேலையிலிருக்கும் ஓர் எய்ட்-சுவாஞ்ஞானும் ஒரு பயிற்றுநரும் இருப்பார்கள். பெரும்பாலும் இந்தக் கட்டுரையிலிருந்தே கேள்வி வரும். இந்தியக் குடியுரிமை என்றால், படிப்பு முடியும்வரை செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் வேண்டும்.

படிப்பு 44 வாரம், 1540 மணி நேரம். பாதி வகுப்பு, பாதி ஸ்தாஜ். ஸ்தாஜ் நான்கு தவணை: ஐந்து வாரம் வீதம் மூன்று, கடைசியில் ஏழு வாரம். 2021-க்கு முன் படித்தவர்கள் 41 வாரம் என்று சொல்வார்கள், அது பழைய பாடத்திட்டம். இப்போது ஐந்து தொகுதிகள், ஐந்திலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் வாங்கிய நல்ல மதிப்பெண் இன்னொன்றின் குறையை ஈடுசெய்யாது.

மாணவர்கள் அதிகம் திணறுவது நோயாளியைப் படுக்கையில் குளிப்பாட்டுவதில். முகத்திலிருந்து தொடங்கி, அந்தரங்கப் பகுதியைக் கடைசியில் துடைக்க வேண்டும். நடுவே தண்ணீரை மாற்ற மறந்தால், கீழிருக்கும் கிருமியை நீங்களே மேலே பரப்புகிறீர்கள். கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றாமல் குனிந்து வேலை செய்தால் சில மாதத்தில் முதுகு போய்விடும். கையுறை போட்டதால் கை சுத்தம் என்று நினைப்பதும் தவறு. கழற்றியதும் கிருமிநாசினி தேய்க்க வேண்டும்.

கையில் மோதிரம், வளையல், கடிகாரம், நகப்பூச்சு எதுவும் கூடாது, கல்யாண மோதிரமும் சேர்த்து. தைப்பூசக் காவடிக்கோ தீமிதிக்கோ விரதமிருந்து காப்பு கட்டுபவராக இருந்தால் ஸ்தாஜ் தேதிகளைப் பார்த்துவிட்டு நேர்ந்துகொள்ளுங்கள். காப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை சரியாகக் கை கழுவ முடியாது. சாமி காரியத்தைப் பாதியில் அவிழ்க்கும் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

கட்டணத்தைக் கட்டுமுன் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமான பிரான்ஸ் திரவாயில் பதிந்து, பிராந்திய மன்ற உதவி கிடைக்குமா என்று கேளுங்கள். கூடவே தீவின் பேச்சுமொழியான கிரெயோல் பழகுங்கள். வார்டில் படுத்திருக்கும் 'கிராமூன்'களில் (வயதானவர்களில்) பலர் வலியைச் சொல்வது பிரெஞ்சில் அல்ல. காலையில் "கொமான் இ லே?" (எப்படி இருக்கிறீர்கள்?) என்று கேட்டுப் பாருங்கள், இரவு முழுக்க யாரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள்.