டியூக் போன பிறகும் நின்ற சட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சின் வடகரையிலுள்ள நார்மண்டியை ஒரே நாடாக்கியதில் வாளைவிட நீதிமன்றத்துக்கே பங்கு அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அதை ஆண்ட டியூக்குகள் பிரபுக்களை அடித்து அடக்கினார்கள், நாடு ஒன்றாயிற்று. சட்டமெல்லாம் வென்றவன் பிறகு எழுதிக்கொண்டதுதானே?

க.

அன்புள்ள க.,

வாளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1047இல் வால்-எஸ்-தூன் களத்தில் கலகப் பிரபுக்கள் வென்றிருந்தால், பின்னாளில் இங்கிலாந்தையும் வென்று அதன் மன்னரான டியூக் வில்லியமின் ஆட்சி அன்றே முடிந்திருக்கும். ஆனால் அதே ஆண்டு கான் நகரருகே கூடிய சபை என்ன செய்தது என்று பாருங்கள். புதன் மாலை முதல் திங்கள் காலை வரை எவரும் சொந்தப் பகைக்காகச் சண்டையிடக் கூடாது என்று தடுத்தது. டியூக்குக்கும் பிரெஞ்சு மன்னருக்கும் மட்டுமே விலக்கு.

1091இல் வில்லியமின் மகன்கள், தந்தை காலத்து உரிமைகள் எவை என்று விசாரித்து எழுதிவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அது. அடியில் நிற்பவன் ஒரே வீச்சில் மண்ணை மேலே எறிய முடியாத ஆழத்துக்கு எவரும் அகழி வெட்டக் கூடாது. ரூவான், பாயோ நகரங்கள் தவிர வேறெங்கும் நாணயம் அடிக்கக் கூடாது. ஒரு பிரபு தன் சொந்த நிலத்தில் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பது வரை டியூக்கின் அதிகாரம் இறங்கியிருந்தது! பன்னிரண்டாம் நூற்றாண்டில் எக்ஸ்செக்கர் என்ற கணக்கு மன்றம் வந்தது. அதிகாரிகள் அங்கே வந்து வசூலுக்குக் கணக்கு ஒப்பித்தார்கள். வழக்குகளும் அங்கே தீர்ந்தன.

சட்டம் வென்றவனின் எழுத்து மட்டும்தான் என்றால், 1204இல் அது மறைந்திருக்க வேண்டும். பிரெஞ்சு மன்னர் பிலிப் அகஸ்டஸ் அந்த ஆண்டு ரூவானைக் கைப்பற்றினார். பாரிஸ் வழக்காற்றை, அதாவது அங்கு வழக்கமாக நின்ற சட்டத்தை, அவர் நார்மண்டியில் திணிக்கவில்லை. எக்ஸ்செக்கர் தொடர்ந்து கூடியது. தலைமை தாங்கத்தான் பாரிஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நார்மண்டி வழக்காற்றின் பெரிய தொகுப்பு எழுதப்பட்டதே டியூக்குகளின் ஆட்சி போய் அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில்தான். 1469இல் டியூக் பதவியின் அடையாளமான மோதிரத்தையே உடைத்தார்கள். வழக்காறோ பிரெஞ்சுப் புரட்சி வரை நின்றது.

நார்மண்டிக் கரையை அடுத்த ஜெர்சி, குவெர்ன்சி தீவுகள், அதுவரை டியூக்காகவும் இருந்த இங்கிலாந்து மன்னரிடமே தங்கிவிட்டன. பகை மன்னர்களின் கீழ் இருந்தும் இரு கரைகளிலும் ஆண்டது அதே வழக்காறுதான். தன் நிலத்தில் அத்துமீறல் நடந்தால், தீவுக்காரர் சாட்சிகள் முன் மண்டியிட்டு ‘ஹாரோ’ என்று மூன்று முறை முறையிடலாம். நீதிமன்றம் கேட்கும்வரை அத்துமீறியவர் தன் வேலையை நிறுத்த வேண்டும். இன்றும் அது செல்லும்.

இதற்கு மாறாக, இன்னொரு டியூக் நாடான பர்கண்டியையும் பாருங்கள். அதன் டியூக் சார்லஸ், 1473இல் தன் கீழிருந்த தாழ்நிலப் பகுதிகள் (இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம்) அனைத்துக்கும் மேலாக மெஹெலன் நகரில் ஓர் உயர் நீதிமன்றத்தை நிறுவினார். பணமும் படையும் குறைவில்லை. 1477 ஜனவரியில் நான்சிப் போரில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அந்த மாகாணங்கள் அவர் மகள் மேரியிடம் நீதிமன்றத்தைக் கலைக்க ஒப்புதல் வாங்கிவிட்டன. தங்கள் வழக்கு தங்கள் ஊரில், தங்கள் மொழியில் நடக்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. 1315இல் நார்மண்டிக்காரர்கள் பிரெஞ்சு மன்னரிடம் சாசனமாகப் பெற்ற உறுதியும் கிட்டத்தட்ட அதுதான்: எக்ஸ்செக்கரில் முடிந்த வழக்கைப் பாரிஸுக்கு இழுக்கக் கூடாது. மெஹெலனைக் காக்க இப்படி எவரும் சாசனம் கேட்கவில்லை.