குவைத் மோட்டார் கடலூருக்கு ஆகுமா?

கேள்வி: குவைத்தில் கார் ஷெட் கதவுக்குப் போட்டிருந்த ரிமோட் மோட்டாரைக் கழற்றி அனுப்புகிறேன் என்கிறான் மகன். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு ரோலிங் ஷட்டருக்கு அது பொருந்துமா?
- வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. கரண்ட் பிரச்சினை இல்லை, அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் இருப்பது பலகை பலகையாக மடிந்து கூரைக்கடியில் போய்ப் படுக்கும் கதவு, அதை இழுக்கிற மோட்டாரால் சுருண்டு ஏறும் ஷட்டரைத் தூக்க முடியாது, உங்களுக்கு உருளையையே சுழற்றும் மோட்டார் வேண்டும். அப்புறம், பாலைவனத்தில் எதிரி வெயிலும் தூசியும்; அதனால் மணல் ஒட்டாதபடி கிரீஸ் தடவாமல் சிலிக்கான் ஸ்பிரே அடிப்பார்கள். நமக்கு உப்புக்காற்று. ஷட்டரின் கீழ்ப்பட்டையை விரலால் தேய்த்துப் பாருங்கள், துரு பொடியாக உதிர்ந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

மோட்டார் வாங்கும்போது கையால் இழுக்கும் சங்கிலி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! சங்கிலி இல்லையென்றால் வண்டி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள், அது தெறித்தால் கை போய்விடும்.