கத்தி எடுத்துக்கொடுக்கும் வேலை

அண்ணாச்சி,

குலசேகரத்திலிருந்து நேற்று நீங்கள் பேசியதில் ஒரு சொல் மனசில் தைத்துவிட்டது. "நீட்டில் மார்க் வரல்ல. இனி கத்தி எடுத்துக்கொடுக்கிற வேலைக்கா படிக்க வைக்கணும்?" என்றீர்கள். அண்ணனுக்கு முட்டில் குருத்தெலும்பு ஆப்பரேஷன் நடந்ததிலிருந்து மகள் அந்தக் கருவிகளைப் பற்றியே கேட்கிறாள் என்றும் சொன்னீர்கள். அந்த ஆர்வத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

நீங்கள் ரப்பர் வெட்டுகிறவர். பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்று உங்கள் கைக்குத் தெரியும். கூடுதலாகப் போனால் மரத்துக்குக் காயம். மூட்டிலும் அதே கணக்குத்தான். எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனால் அடிபட்டால் தானாக ஆறுவது அரிது. சிறு துளை வழியாக ஆர்த்ரோஸ்கோப் என்ற கேமராக் குழலை விட்டுப் பார்த்து, கிழிந்ததைச் சுரண்டியெடுத்து, கூர்முனைக் கருவியால் அடியிலுள்ள எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் குத்துவார்கள். மஜ்ஜை கசிந்து அங்கே புதுத் திசு வளரும். துளைகள் நெருங்கினால் நடுவிலுள்ள எலும்பு உடைந்துபோகும். இதுதான் மைக்ரோஃபிராக்சர். ஆனால் வளர்வது பழைய குருத்தெலும்பு அல்ல, நார் கூடியது, உறுதி குறைந்தது. அதனால்தான் வேறு வழிகளும் வந்தன. பளு குறைவாக விழும் இடத்திலிருந்து குருத்தெலும்பை எலும்போடு உருளை உருளையாக எடுத்துப் பதிப்பது ஒன்று. நோயாளியின் குருத்தெலும்புச் செல்லையே ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப வைப்பது இன்னொன்று. ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் இதன் பலனை வெளியிட்டார்கள்.

உருளை எடுக்கும் குழலும் பதிக்கும் துளையும் அளவு பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். எந்த அளவு, அடுத்து எது என்று அறிந்து நிற்கிறவரைத்தான் நீங்கள் கத்தி எடுத்துக்கொடுப்பவர் என்கிறீர்கள். அதற்கு பி.எஸ்சி. ஆப்பரேஷன் தியேட்டர் படிப்பு இருக்கிறது; தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கில்தான் சேர்க்கை.

ஆனால் உங்கள் மகள், எலும்பில் குத்தும் அந்தக் கருவியைப் பற்றி, "முனை ஏன் வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாளாம். குறுகிய வாசல் வழியாகப் போய் எலும்பில் செங்குத்தாக இறங்கத்தான் அந்த வளைவு. இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு, மருத்துவக் கருவிகளை உருவாக்கக் கற்றுத்தரும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பொருந்தும் என்பது என் எண்ணம். ஃபர்ஸ்ட் குரூப்தானே, கணக்கு இருக்கிறது. மார்த்தாண்டம் வழியாகத் திருவனந்தபுரம் போனால் ஸ்ரீசித்திரா மருத்துவ ஆய்வு நிறுவனம். அங்கே உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முதல் வேலை கருவிகளைப் பழுதுபார்ப்பதாகவோ விற்பதாகவோ இருக்கலாம், அதற்கும் மனம் வேண்டும்.

எதில் சேர்த்தாலும், பணம் கட்டும் முன் எந்தப் பல்கலைக்கழக இணைப்பு என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் பி.எஸ்சி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பி.இ. என்றால் அண்ணா பல்கலைக்கழகம். வாய்ச்சொல் போதாது, கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.