தீப்பெட்டிக்குள் இருப்பது வேர் இல்லை, தம்பி

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. வயது 33. மஸ்கட்டில் கட்டுமான வேலை, இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கிறேன். புரட்டாசி மூன்றாவது வாரம் திருச்சியில் ஒரு கிளினிக்கில் முன்தலைக்கு 2,200 கிராஃப்ட் (பிடரியிலிருந்து வேரோடு எடுத்த முடிக்கொத்து) வைத்து முடி நடவு செய்துகொண்டேன். இன்றோடு 26 நாள். ஒரு வாரமாக, வைத்த முடியெல்லாம் கொட்டுகிறது. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக வேர் தெரிகிறது. எடுத்து ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். மனைவிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அம்மாவிடம் தலையில் கட்டி எடுத்ததாகச் சொல்லிவிட்டேன். முடி கொட்டுவதைப் பார்த்து அம்மா புழுவெட்டு என்று வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்கிறார். தீபாவளிக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்கிறார். நான் கிளம்பும் முன் கார்த்திகையில் வைத்தீஸ்வரன்கோவிலில் எனக்கும் என் மகனுக்கும் மொட்டை என்று வேண்டுதல் வேறு. ஆண்மை போய்விடும் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு, முடி கொட்டாமல் இருக்கக் கொடுத்த ஃபினஸ்டரைடு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். பணம் போனது போகட்டும், வைத்த முடியும் போய்விட்டதா டாக்டர்?

பதில்: போகவில்லை தம்பி. முதலில் அந்தத் தீப்பெட்டியைத் திறந்து ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் இருப்பது அரிசிக் குருணை மாதிரி, காய்ந்து, வெளுத்த ஒரு சின்னக் குமிழ். அதைத்தான் வேர் என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். ஓய்வுக்குப் போன முடி உதிரும்போது அதன் அடிநுனி அப்படித்தான் இருக்கும். நம் எல்லோர் சீப்பிலும் தினமும் வருவது இதே முடிதான். முடியை முளைக்க வைக்கிற உண்மையான வேர் தோலுக்குக் கீழே ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அது உங்கள் தலையிலேயே பத்திரமாக இருக்கிறது. கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வருவது வேறு விஷயம். அது முதல் பத்து நாளுக்குள் நடக்கும். முடியோடு சதைத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வரும், அந்த இடத்தில் ரத்தம் பொட்டு வைத்தாற்போல் நிற்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

பிடரியிலிருந்து எடுத்து முன்னால் வைக்கும்போது அந்த வேருக்குச் சில மணி நேரம் ரத்த ஓட்டமே இருக்காது. அந்த அதிர்ச்சியில் அது தன் முடியை உதறிவிட்டு ஓய்வுக்குப் போகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு இப்படிக் கொட்டும். பக்கத்தில் இருக்கும் பழைய முடியும் கொஞ்சம் சேர்ந்து கொட்டலாம். நீங்கள் நடவு வயலைப் பார்த்து வளர்ந்தவர். பிடுங்கி நட்ட நாற்று முதல் சில நாள் வெளிறிப்போய் நிற்கும். பச்சை பிடிக்கும் வரை யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. என்ன, நெல்லுக்குப் பத்து நாளில் முடிகிற காரியம் தலைக்கு மூன்று மாதம் ஆகும். மூன்றாம் நான்காம் மாதத்தில் பூனைமுடி மாதிரி மெல்லிசாக, சில சமயம் சுருண்டு, முளைக்கத் தொடங்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் ஆறாவது மாதத்தில்தான் கண்ணாடியில் வித்தியாசம் தெரியும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும், உச்சந்தலையில் வைத்தவர்களுக்கு இன்னும் தள்ளிப்போகும்.

வெங்காயச் சாறு வேண்டவே வேண்டாம். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம், அம்மா அந்த நினைப்பில் சொல்கிறார். ஆனால் உங்கள் முன்தலையில் 2,200 சின்னச் சின்னக் காயங்கள் இப்போதுதான் மூடியிருக்கின்றன. மேல்தோல் இன்னும் வெங்காயத் தோல் போல மெல்லிசாகத்தான் இருக்கிறது. போன வருடம் என்னிடம் ஒருவர் வந்தார். நடவு முடிந்து மூன்றாவது வாரத்தில் வெங்காயமும் பூண்டும் அரைத்துப் போட்டிருந்தார். நெற்றி மேட்டிலிருந்து உச்சி வரை சிவந்து, கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. புண் ஆறியது, ஆனால் இரண்டு இடத்தில் காசு அளவுக்குத் தழும்பு நின்றுவிட்டது. தழும்பில் முடி முளைப்பது கஷ்டம். அவரும் வீட்டில் சொல்லாமல்தான் செய்துகொண்டிருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் தலைக்கு இப்போது இருக்கிற ஆபத்தில் பாதி அந்தக் கட்டிக் கதையிலிருந்து வருகிறது. கட்டி ஆறிவிட்டது என்று நம்புவதால்தான் அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறார், நாவிதரிடம் நாள் குறிக்கிறார். முடி வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றம் இல்லை. வெயிலில் நின்று சம்பாதித்த காசில் உங்களுக்காக ஒன்று செய்துகொண்டீர்கள். அம்மா ஒரு நாள் கோபப்படுவார், இவ்வளவு பணமா என்று கேட்பார். அப்புறம் அவரே உங்கள் தலைக்குக் காவல் இருப்பார்.

எண்ணெய்க் குளியலில் எண்ணெயை விட எனக்குப் பயம் அம்மாவின் கையைப் பற்றித்தான். உச்சியில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து, சீயக்காய் போட்டு அரக்கி, ஆவி பறக்கிற வெந்நீரை ஊற்றினால் இந்தத் தோல் தாங்காது. இந்தத் தீபாவளிக்குக் காதோரத்தில் ஒரு சொட்டு தொட்டு வைக்கச் சொல்லுங்கள், மற்றபடி உடம்புக்கு மட்டும் தேய்த்துக் குளியுங்கள். தலைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் போதும்.

ஐப்பசி கடைசி நாளான கடைமுகத்துக்குள் ஆறு வாரம் ஆகிவிடும். தலையில் பொருக்கோ சீழ்ப் பருவோ இல்லையென்றால் காவிரியில் துலாக் கட்டத்தில் ஒரு முழுக்குப் போடலாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் தலையை அலசிவிடுங்கள். வாய்க்காலில் குதித்து நீந்துவது இந்த முறை வேண்டாம்.

மொட்டையைக் கட்டாயம் தள்ளிப்போடுங்கள். வேர் ஆழத்தில் பிடித்துவிட்டது, சவரக் கத்தி அதை எடுத்துவிடாது. ஆனால் ஏழு வாரத்தில் தோல் இன்னும் இளசு. கத்தி ஓர் இடத்தில் கீறினாலும் கிருமி உள்ளே போகும். ஒரே கத்தியில் பல தலை சிரைக்கும் இடமென்றால் ரத்தத்தில் பரவும் நோய்களையும் யோசிக்க வேண்டும். மகனுக்கு இந்தக் கார்த்திகையில் மொட்டை போட்டுக் காது குத்துங்கள், புது பிளேடு மாற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். உங்கள் முறை அடுத்த வருட விடுப்பில், உங்கள் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு. அம்மா தயங்கினால் உங்கள் ஊர்க் கதையையே அவருக்கு நினைவூட்டுங்கள். ஐப்பசி முழுக்குக்கு வந்துசேர முடியாத முடவனுக்காகச் சிவன் கார்த்திகை முதல் தேதியிலும் துலா முழுக்கின் பலனைக் கொடுத்தார் என்றுதானே மயிலாடுதுறையில் முடவன் முழுக்கு நடக்கிறது? வைத்தியநாத சுவாமி வைத்தியர்களுக்கெல்லாம் வைத்தியர். சிகிச்சைக்காகத் தள்ளிவைத்த வேண்டுதலை அவர் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். சொட்டை விழாத பிடரி முடி எங்கே போய் உட்கார்ந்தாலும் பிடரி முடியாகவே இருக்கும் என்பதை நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959-இல் எழுதினார். முடி நடவு முழுக்க நிற்பது இதன் மேல்தான். அதனால் வைத்த முடிக்கு ஃபினஸ்டரைடு தேவையில்லை. அது தேவைப்படுவது நடுவில் இருக்கும் உங்கள் பழைய முடிக்கு. மாத்திரை இல்லாவிட்டால் அது தொடர்ந்து மெலிந்துபோகும், நான்கைந்து வருடத்தில் முன்னால் ஒரு வரி முடியும் பின்னால் சொட்டையுமாக நிற்க நேரும். ஆண்மை போய்விடும் என்று உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சிலருக்கு ஆசை குறைவது, எழுச்சி குறைவது, மனச்சோர்வு போன்றவை வரலாம், பெரும்பாலோருக்கு வருவதில்லை. உங்களுக்கு அப்படி ஏதாவது தெரிந்ததா, இரண்டாவது குழந்தைக்கு முயல்கிறீர்களா என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். இன்னொன்று, கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த ஃபினஸ்டரைடு மாத்திரையைக் கையால் தொடக் கூடாது.

இதைப் படிக்கும் வேறு சிலர் இப்போதுதான் நடவுக்கு நாள் குறித்திருப்பீர்கள். உங்களுக்கு முதல் பத்து நாள்தான் எல்லாம். இரண்டாம் மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, கண் இமை வரை இறங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், நான்கைந்து நாளில் வடிந்துவிடும். இரண்டு மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்து தூங்கினால் வீக்கம் குறையும். தலை குளிப்பதை மருத்துவர் சொன்ன நாளில் தொடங்குங்கள். ஷவருக்கு அடியில் நிற்காதீர்கள். பேபி ஷாம்பூவைக் குவளைத் தண்ணீரில் கலந்து நுரையை மட்டும் எடுத்து வைத்த இடத்தில் ஒற்றி, சில நிமிடம் ஊறவிட்டு, இன்னொரு குவளையில் தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். துண்டால் துவட்ட வேண்டாம், தானாகக் காயட்டும். ஏழெட்டு நாள் ஆனதும் ஊறிய பொருக்கின் மேல் விரல் நுனியை வைத்து மெல்லச் சுழற்றினால் அது தானே கழன்று வரும். நகம் பட்டுவிடக் கூடாது. சிலர் பயத்தில் தொடவே மாட்டார்கள், மூன்று வாரம் பொருக்கு அடையாக நின்று அடியில் சீழ் கட்டும். அதுவும் தப்புதான். சிகரெட்டை முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது நிறுத்துங்கள், நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். வைத்த வேருக்கு அந்த ரத்தம்தான் சோறு.

ரத்தம் கால் மணி நேரம் துணியால் அழுத்தியும் நிற்கவில்லை, காய்ச்சல் வந்தது, வலி குறையாமல் நாளுக்கு நாள் ஏறுகிறது, நாற்றத்தோடு சீழ் வருகிறது, தோல் ஓரிடத்தில் கறுத்துப்போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள். யார் செய்கிறார்கள் என்பதையும் முன்பே கேளுங்கள். முறையான பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், உதவியாளர்கள் அவர் மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

தம்பி, உங்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மஸ்கட் வெயிலில் முதல் மூன்று மாதம் வெறுந்தலையோடு நிற்காதீர்கள். வேலையிடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றவும் கூடாது, உயிருக்கு அடுத்ததுதான் முடி. நீங்கள் கிளம்பும்போது ஏழு வாரம் தாண்டியிருக்கும் என்பதால் கவசம் போட்டால் வைத்தது போய்விடாது. உள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் சுத்தமான பருத்தித் துணி வைத்து, அதைத் தினமும் மாற்றுங்கள். வியர்வையில் இரண்டாம் மூன்றாம் மாதம் சின்னப் பருக்கள் வரும். உள்ளேயிருந்து முளைக்கிற முடி தோலை முட்டுவதாலும் வரும். கிள்ளாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். பத்து இருபது சேர்ந்து, சீழோடு பரவினால் அங்கேயே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த மருத்துவர் கேட்பார் என்பதால், கிளம்புவதற்கு முன் திருச்சிக்கு ஒரு நடை போய், எத்தனை கிராஃப்ட், எந்த முறை, என்னென்ன மருந்து என்று கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்தலையை இன்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அப்புறம் மாதத்துக்கு ஒன்று, அதே வெளிச்சத்தில். மாசி மாதம் எடுக்கும் படத்தை எனக்கு அனுப்புங்கள். அம்மா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.