எல் நினோவும் நம் மழையும்: கேள்வி பதில்

பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அது சூடானால் நமக்கென்ன என்பதில் தொடங்கி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மழை, வெயில் எல்லாம் காற்றில் நடப்பவை. கடலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு மேலே நிற்கும் மொத்தக் காற்றின் எடை சுமார் 10 டன். அதை 1 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 10,000 கிலோஜூல் தேவை. கடல்நீருக்குக் கிலோவுக்கு 4 கிலோஜூல் என்பதால், அதே வெப்பத்தை மேலாக உள்ள இரண்டரை மீட்டர் தண்ணீரே வாங்கி வைத்துக்கொள்ளும். கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். வெப்பத்தின் பெரிய கிடங்கு கடல்தான்; அதனால்தான் இவ்வளவு முக்கியத்துவம்.

எல் நினோ எப்படித் தொடங்குகிறது? (பிளஸ் டூ மாணவி)

சாதாரண நாட்களில் பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி, காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அது வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிப்பதால் அங்கே கடல்மட்டம் தென் அமெரிக்கக் கரையைவிட அரை மீட்டர் வரை உயர்ந்திருக்கும். பெருவின் கரையிலோ அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். இந்தக் காற்று தளர்ந்தால், அல்லது மேற்குப் பசிபிக்கில் சில நாட்கள் எதிர்த்திசையில் பலமாக அடித்தால், குவிந்த வெந்நீர் ஓர் அலையாகக் கிழக்கே நகரத் தொடங்கும். அந்த அலை மேற்பரப்புக்குக் கீழாகவே போய்த் தென் அமெரிக்காவை எட்ட 2 மாதம் போல ஆகும். கிழக்கு சூடானதும் காற்று மேலும் தளரும்; காற்று தளர்ந்ததும் கிழக்கு மேலும் சூடாகும். ஒன்றையொன்று தூக்கிவிடும் இந்தச் சுழல்தான் எல் நினோ. இதற்கு எதிர்ப்பக்கம், அதாவது காற்று வலுத்துக் கிழக்கு வழக்கத்தைவிடக் குளிர்வது, லா நினா.

‘எல் நினோ வந்துவிட்டது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மேற்கு 170 முதல் 120 தீர்க்கரேகை வரை, நடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 டிகிரி. இந்தக் கட்டத்தின் மேற்பரப்பு வெப்பநிலையைத்தான் பார்க்கிறார்கள். மூன்று மாதச் சராசரி இயல்பைவிட 0.5 டிகிரி கூடுதலாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஐந்து மும்மாதங்கள் தொடர வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு, ஆஸ்திரேலியா 0.8 வரை காத்திருக்கும். ஒரு வாரம் 0.7 காட்டியதும் தலைப்புச் செய்தி போடுவது அவசரம். பசிபிக் நடுவிலுள்ள டஹிட்டித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டையும் சேர்த்துப் பாருங்கள். அது அசையாவிட்டால், கடலோடு காற்று இன்னும் கைகோக்கவில்லை என்று பொருள்.

எல் நினோ ஆண்டில் டெல்டாவுக்கு வறட்சிதானா? (கும்பகோணம் பக்கத்து விவசாயி)

ஐயா, உங்களுக்கு இரண்டு கணக்கு உண்டு. இரண்டும் எதிரெதிராகப் போகலாம். மேட்டூருக்கு வரும் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. எல் நினோ பெரும்பாலும் அதைத்தான் மெலிய வைக்கும். அக்டோபர் முதல் உங்கள் வயலில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையோ எல் நினோவில் கூடும் போக்கு உள்ளது. எல் நினோ ஆண்டான 2015-ல் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகப் பெய்து சென்னை மூழ்கியது. லா நினா பக்கம் சாய்ந்த 2016-ல் 62 சதவீதம் குறைவு. ஆகவே எல் நினோ ஆண்டில் குறுவைக்கு ஆற்றுநீரை நம்பிப் பரப்பைக் கூட்டாதீர்கள். சம்பாவுக்கு வடிகாலைத் தூர்வாரி வையுங்கள். போக்கு என்றுதான் சொல்கிறேன், விதி என்று சொல்லவில்லை. 2021 லா நினா ஆண்டுதான்; அதிலும் மழை கொட்டித் தீர்த்தது.

அப்படியென்றால் 1997-ல் எல் நினோ உச்சத்தில் இருந்தும் நாட்டில் பருவமழை பொய்க்கவில்லையே?

நல்ல கேள்வி. நம் கடலுக்கும் ஒரு ஊஞ்சல் இருக்கிறது: இந்தியப் பெருங்கடல் இருமுனை. சோமாலியா பக்கம் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தால் நேர்முனை. அது 1997-ல் வலுவாக இருந்து எல் நினோவின் கெடுதலை ஈடுகட்டியது. 2002-ல் அந்தத் துணை இல்லை. எல் நினோ நடுத்தரமாக இருந்தும் தென்மேற்குப் பருவமழை 19 சதவீதம் குறைந்தது. 2016-ல் எதிர்முனை. நம் வறட்சியில் அதற்கும் பங்குண்டு.

மார்ச்சில் வரும் கணிப்பை நம்பி விதை வாங்கலாமா?

வேண்டாம். மார்ச் முதல் மே வரை பசிபிக்கில் கடலுக்கும் காற்றுக்குமான பிடி தளர்ந்திருக்கும். சிறு சலனம்கூடப் போக்கை மாற்றிவிடும். ஜூன் கடைசியில் வரும் கணிப்புக்கு மதிப்பு அதிகம்.

பூமி சூடாவதே கடலின் இயற்கைச் சுழற்சிதான் என்று ஒரு வீடியோ சொல்கிறது?

கடல் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. காற்றைச் சூடாக்கும் வெப்பம் கடலிலிருந்து வந்ததென்றால் கடல் குளிர்ந்திருக்க வேண்டும். கடலில் விடப்பட்ட ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையை அளக்கின்றன. கடலும் சூடாகிக்கொண்டேதான் போகிறது. பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான் சேர்கிறது. எல் நினோ உலகச் சராசரியை 0.1 முதல் 0.2 டிகிரி தற்காலிகமாக ஏற்றும், அவ்வளவுதான். 2021, 2022 இரண்டும் லா நினா ஆண்டுகள். இருந்தும் 1998-ன் பெரிய எல் நினோ ஆண்டைவிட அவை சூடானவை. வீடியோக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

மீனுக்கு? (நாகப்பட்டினம்)

பெருவில் அடிநீர் மேலே வராவிட்டால் சத்து வராது, நெத்திலி வகை மீன் குறையும். 1972-ல் அந்த மீன்பிடியே நொடித்தது. நம் பக்கம் கண்ணில் படுவது, கடல் சூடாகிப் பவளப்பாறை வெளிறுதல். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் நடந்தது. இரண்டுமே எல் நினோ உச்சம் தொட்டு இறங்கிய அடுத்த சில மாதங்கள்.